கைகட்டி நின்ற ரம்

ருசி பார்க்கும் நாளில் அந்த வீட்டில் காபி கிடையாது. வெங்காயம் நறுக்கக் கூடாது. வாசனை சோப்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை எதுவும் கூடாது. அவளுடைய பிழைப்பு மூக்கில் இருந்தது. ரம் வடிக்கும் ஆலையில் அவள்தான் ருசியாளர். ஆலை முழுக்க அவளுக்கு ‘மூக்கக்கா’ என்றுதான் பெயர். உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது, வேறு யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தியதில்லை.

காபி இல்லாத காலையில் அந்த மூக்கின் மேல் கோபம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தது.

“ஏங்க, அந்தச் சட்டை வேண்டாம். இஸ்திரிக்காரர் ஏதோ சென்ட் தண்ணி தெளிச்சிருக்கார். இங்க வரைக்கும் அடிக்குது.”

“சரிம்மா,” என்று கணவர் உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

“இந்தக் கலர் உங்களுக்கு நல்லாவே இல்ல.”

“சரிம்மா.” மறுபடி உள்ளே திரும்பினார்.

“ஐயோ, விடுங்க! அதையே போட்டுக்கோங்க!”

“சரிம்மா.”

மேசையில் உட்கார்ந்து வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். “அண்ணி, இன்னும் ஒரு தடவ சொல்லிப் பாருங்க. அண்ணன் சட்டையே இல்லாம வேலைக்குப் போயிடுவாரு.”

கணவர் அதற்கும் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இப்படிப்பட்ட மனிதர் இல்லை. சட்டையைப் பற்றி வாய் திறந்தால், ‘என் சட்டை, என் உடம்பு, உன் மூக்கைக் கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே காயப்போடு’ என்று கத்துகிறவர். அவளும் பதிலுக்குக் கத்துவாள். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே ஸ்கூட்டரில் ஆலைக்குப் போவார்கள். போய்ச் சேருவதற்குள் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். ஏறத்தாழ அரை வருடமாக அந்தச் சண்டையே இல்லை. எதற்கெடுத்தாலும் ‘சரிம்மா’. சினிமா வேண்டாம் என்றால் சரிம்மா. உப்பு குறைவு என்று அவளே ஒத்துக்கொண்டால்கூட, “இல்லம்மா, சரியாத்தான் இருக்கு” என்பார்.

ஆலையில் மற்ற பெண்கள், “என்ன மருந்து வெச்சீங்க மூக்கக்கா, எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்க” என்று கேட்டார்கள். சொன்னதையெல்லாம் கேட்கும் கணவர் எரிச்சலாக இருக்கிறார் என்று அவள் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்னால் கல்லால் அடிக்க வருவார்கள்.

அன்றைய எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பயம். ஆலையில் நான்கு கிடங்குகள். ஒவ்வொரு கிடங்கிலும் ரம் பல வருடங்கள் பீப்பாயில் படுத்துக் கிடந்து முதிரும். பிறகு எல்லாம் ஒரே பொதுத் தொட்டியில் கலக்கப்பட்டு, யாருடைய சாயலும் இல்லாத ஒரே ருசியாகப் பாட்டிலில் ஏறும். இந்த வருடம் முதலாளியம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. கிடங்குக்கு ஒரு பீப்பாய் போட்டிக்கு வரட்டும். ஜெயிக்கும் பீப்பாய் தனியாக, கிடங்குக்காரரின் பெயரோடு, பாட்டிலில் போகட்டும். மற்ற மூன்றும் வழக்கம்போல் தொட்டிக்கு.

கீழ்க்கிடங்குக்குப் பொறுப்பு அவள் கணவர். அவர் போட்டிக்கு விட்டிருந்த பீப்பாய், கல்யாணமான வருடம் தன் கையால் நிரப்பி மூலையில் உருட்டி வைத்தது. வெளியூரில் படிக்கும் மகளுக்கு அது மூத்தது. மழைக்காலத்தில் ஒழுகும் மூலை என்று அதை இடம் மாற்றியதும், கோடையில் ஈரச் சாக்குப் போட்டதும், வருடா வருடம் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்து, “மூத்தவன் நல்லா இருக்கான்” என்று சொன்னதும் அவளுக்குத் தெரியும். இன்று அந்த மூத்தவனுக்குத் தனிப் பெயரா, தொட்டியா என்று முடிவு செய்யும் மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

அவள் அதை ருசித்திருக்கிறாள், ஒரே ஒரு முறை. அரை வருடத்துக்கு முன், போட்டி என்ற பேச்சே எழாத ஒரு மாலையில், கணவர் மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து சமையலறையில் நீட்டினார். ஒரு வாய் எடுத்தாள். அது முதலில் நாக்கில் ஓங்கி அறைந்தது. பிறகு மன்னிப்பே கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து கனிந்த அன்னாசியும் கரும்புப் பாகும் தோலும் புகையுமாக விரிந்தது. விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்று வாதாடியது. கடைசியில் எரிந்த ஆரஞ்சுத் தோலின் கசப்பு ஒன்று, போகவே மாட்டேன் என்று தங்கியது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மகளின் போன்.

“முரடு!” என்றாள் சிரித்துக்கொண்டே. “உங்கள மாதிரியே.” போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் போட்டி அறிவிப்பு வந்தது, கூடவே கட்டளையும்: ருசிக் குழுவில் இருப்பவர்கள் கிடங்குக்காரர்களோடு பீப்பாய் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. அவள் கட்டுப்பாடானவள். பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தாள். நாக்கில் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

ருசி அறையில் வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். வேறு எதுவும் இல்லை. படம் மாட்டினால் கண் அங்கே போகும், கண் போனால் மூக்கும் கூடவே போய்விடும் என்று முதலாளியம்மா காலண்டர்கூட மாட்ட விட்டதில்லை. மூன்று பேருக்கும் முன்னால் ஆளுக்கு நான்கு கண்ணாடிக் கோப்பைகள். வயிறு பருத்து வாய் குறுகியவை. மேலே மூடிபோல ஒரு கண்ணாடித் தட்டு. ஒவ்வொன்றின் காலிலும் ஓர் எழுத்து: க, ச, த, ப. எது யாருடையது என்று ஊற்றி வைத்த லேப் பெண்ணுக்கு மட்டும் தெரியும். அவளும் ஊற்றியதும் வெளியே போய்விட்டாள்.

மூக்கக்காவுக்கு வலப்புறம் முதலாளியம்மா. இடப்புறம் விற்பனை மேலாளர். நல்ல மனிதர்தான். ஆனால் எந்த ரம்மைக் கொடுத்தாலும் முதலில் ‘இது பெண்களுக்குப் பிடிக்குமா’ என்று கேட்பார். அறையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தும் அதை அவர்களிடம் கேட்டதே இல்லை.

க வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவள் துப்பினாள், தண்ணீரில் கொப்பளித்தாள், ரொட்டித் துண்டை மென்றாள். ச முழுக்க மரம், அலமாரிக் கதவை நக்கியதுபோல. அதையும் துப்பினாள்.

த-வின் மூடியைத் திறந்ததும் தலை தானாகப் பின்னுக்குப் போனது.

மறுபடி மெல்லக் குனிந்தாள். அழுகத் தொடங்கும் பழம். மழையில் நனைந்த சாக்கு. செருப்புத் தைப்பவர் கடையில் புதிதாக வெட்டிய தோல். அடியில், பாத்திரத்தில் பிடித்துக்கொண்ட வெல்லப் பாகு. ஒரு வாய் எடுத்தாள். நாக்கில் அறை விழுந்தது. ‘வந்துட்டீங்களா,’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அரை வருடமாகக் காணாமல் போயிருந்த ஒருவரைச் சந்தையில் திடீரென்று பார்த்ததுபோல நெஞ்சு துள்ளியது. கடைசியில் வரும் பின்ருசிக்காகக் காத்திருந்தாள். ஆரஞ்சுத் தோல் வரவில்லை. உப்புப் போல ஏதோ ஒன்று வந்தது. சரி, அரை வருடம் பீப்பாயில் கிடந்தால் மாறாதா என்ன, என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

ப கடைசி. தேன், வெண்ணெய், லேசான வெனிலா. எதுவும் குத்தவில்லை, எதுவும் இடிக்கவில்லை. நாக்கில் வழுக்கிக்கொண்டு போய், ‘வேறு ஏதாவது வேண்டுமா’ என்று கேட்பதுபோல் நின்றது. அவளுக்கு ஏனென்று தெரியாமல் காலையில் இருந்த எரிச்சல் முழுவதும் திரும்பி வந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் பேனா விறுவிறுவென்று ஓடியது: ‘கைகட்டி நிற்கிறது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறது. குடித்து முடித்தபின் யாரைச் சந்தித்தோம் என்றே நினைவில்லை.’

விற்பனை மேலாளர் கோப்பையைத் தூக்கி ஒளியில் பார்த்தார். “என் ஓட்டு ப-வுக்கு. எவ்வளவு பதமா இருக்கு பாருங்க. இதை யார் வேணும்னாலும் குடிக்கலாம்.”

“அதான் குறையே,” என்றாள். “யார் வேணும்னாலும் குடிக்கலாம்னா அதுக்குத்தான் பொதுத் தொட்டி இருக்கே. தனிப் பாட்டில் எதுக்கு?”

“பின்ன த-வா? மூக்கக்கா, அது ரம்மா, ரவுடியா? மூடியத் திறந்தா சட்டையப் பிடிக்குது!”

“சட்டையப் பிடிச்சு நிறுத்தி என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா?”

“கேக்குற அளவுக்கு எனக்கு உடம்புல தெம்பு இல்லம்மா.”

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “எனக்கு ரெண்டும் பிடிச்சிருக்கு,” என்றார். “அதனால ரெண்டு பேரும் சண்டை போடுங்க. நான் கேக்கறேன்.”

அவள் போட்டாள். அரை வருடமாக வீட்டில் சண்டை இல்லாமல் சேர்ந்திருந்த எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். த-வில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டினாள். இப்போது பாருங்கள், கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுகிறது என்றாள். மேலாளர் ஒரு நியாயம் சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். கடைசியில் முதலாளியம்மா த-வை மறுபடி எடுத்து வாயில் வைத்து, விழுங்கக் கூடாததை விழுங்கிவிட்டுச் சிரித்தார். “எழுதிக்கோங்க. த.”

“ஜெயிச்சுட்டீங்க,” என்றார் மேலாளர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி. “வீட்டுல பாவம் உங்க வீட்டுக்காரர்.”

அவளுக்கு அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரர் பாவமா? பெயரே பாட்டிலில் ஏறப் போகிறது.

முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கிடங்குக்காரர்கள் நால்வரும் முன்வரிசையில். அவள் கணவர் காலையில் போட்ட அதே சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பக்கத்தில் மேல்கிடங்கு ‘மீசை’. அவருக்கு மீசை போய்ப் பல வருடமாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலையில் சோம்பல், பேச்சில் சுறுசுறுப்பு.

விற்பனை மேலாளர் மைக் கிடைத்தால் விட மாட்டார். முடிவைச் சொல்வதற்கு முன் குறிப்புகளை வாசிக்க ஆரம்பித்தார். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. க-வின் குறிப்புக்கு லேசான சிரிப்பு. அலமாரிக் கதவுக்குப் பெரிய சிரிப்பு.

“இப்போ ப. நம்ம மூக்கக்கா எழுதினது. கேளுங்க. ‘கைகட்டி நிற்கிறது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறது...’”

முற்றமே குலுங்கியது. “யாரோட பீப்பாய்ப்பா அது, பாவம்! கல்யாணம் ஆன பீப்பாய் போல!” என்று மீசை கத்தினார். கணவரும் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளும் சிரித்தாள்.

லேப் பெண் முன்னால் வந்தாள். “க, பின்கிடங்கு. ச, நடுக்கிடங்கு. த, மேல்கிடங்கு. ப, கீழ்க்கிடங்கு. ஜெயிச்சது த.”

அவளுக்கு முதலில் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

“என்னுதா?” என்றார் மீசை. “எந்தப் பீப்பாயை அனுப்பினேன்? அட, அந்த மேல்தட்டுல கிடந்ததா! மூக்கக்கா, சத்தியமா நான் அதைத் தொடவே இல்ல. ஏணி உடைஞ்சு போச்சு, ஏற முடியல. அது பாட்டுக்குக் கிடந்துச்சு!” அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

கணவரின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்.

அவள் ருசி அறைக்கு ஓடினாள். கோப்பைகள் இன்னும் மேசையிலேயே இருந்தன. த-வை எடுத்தாள். தன் வீட்டுப் பொருள் என்று நினைத்துத்தான் அது நன்றாக இருந்ததா? அப்படியென்றால் அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போட வேண்டியதுதான். அவள் கிழிக்கத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் த நன்றாக இருந்தது. யாருடையது என்று தெரிந்த பிறகும், கோபத்தோடு குடித்தும், மீசையின் முகத்தை நினைத்துக்கொண்டு குடித்தும் நன்றாகவே இருந்தது. ப-வை எடுத்தாள். எப்படியாவது பிடிக்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சினாள். தேன், வெண்ணெய். எங்கேயோ அடியில், மூச்சு விடும் நேரத்துக்கு, ஆரஞ்சுத் தோல். அவ்வளவுதான். அதுவும் மரியாதையாகப் போய்விட்டது.

தப்புச் செய்திருந்தால் திருத்தலாம். அவள் தப்புச் செய்யவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். “விடும்மா. தோத்தா தோத்ததுதான்.”

“விட முடியாது. அதை என்ன பண்ணீங்க?”

“எதை?”

“மூத்தவனை! நான் குடிச்சது அது இல்ல. போட்டி முடிஞ்சாச்சு, இப்ப பேசலாம். சொல்லுங்க, என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலம்மா. கொஞ்சம் பக்குவப்படுத்தினேன்.”

காபி கலந்துகொண்டிருந்த நாத்தனார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கொஞ்சமா? அண்ணி, அரை வருஷமா ஞாயித்துக்கிழமைகூட விடாம போய் அதுக்குப் பல்லுப் பிடுங்கிட்டு இருந்தாரு. நீங்க கேக்கக் கூடாதுன்னு என்கிட்டதான் புலம்புவாரு.”

“நீ சும்மா இரு,” என்றார் அவர். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்தாராம், காரம் குறைய. இனிப்பு ஒயின் இருந்த பழைய பீப்பாய் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் மாற்றினாராம், குத்தல் போக. எல்லாம் ஆலை அனுமதிக்கிற வேலைதான். பக்குவமாக, பொறுமையாக, ஒரு துளி சிந்தாமல் செய்தாராம்.

“ஏன்?”

“நீதானே சொன்ன, முரடுன்னு.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உங்கள மாதிரியேன்னும் சொன்ன,” என்றார். “யோசிச்சுப் பார்த்தேன். நீ சொல்றதும் நியாயம்தான். அதான் ரெண்டையும் சேர்த்தே சரி பண்ணினேன்.”

“ஐயோ!” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “அது பாராட்டுங்க!”

“எது?”

“முரடுன்னு சொன்னது! எங்க அறையில அதுக்கு மேல பாராட்டே கிடையாது. எதுக்கும் வளையாத ரம்முக்குத்தான் அந்தப் பேரு. இத்தனை வருஷத்துல ரெண்டு மூணு தடவதான் சொல்லியிருக்கேன். உங்களுதுக்குச் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு, தெரியுமா?”

“முரடுன்னா பாராட்டா? எந்த அகராதியில போட்டிருக்கு? ரோட்டுல போற ஒருத்தனைக் கூப்பிட்டு முரடான்னு சொல்லிப் பாரு, மாலையா போடுவான்?”

“நான் சிரிச்சுக்கிட்டேதானே சொன்னேன்!”

“நீ சிரிச்சுக்கிட்டே எத்தனையோ சொல்லுவ! போன் வந்துச்சு, போயிட்ட. நான் அந்தப் பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு சமையல்கட்டுல நிக்கறேன். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தா என்ன?”

“பேசக் கூடாதுன்னு கட்டளை...”

“அது மறுநாள்தானே வந்துச்சு? அன்னைக்கு ராத்திரி முழுக்க இருந்துச்சே!”

அன்று ராத்திரி அவள் மகளோடு வெகு நேரம் பேசினாள். பிறகு சாப்பிட்டாள். பிறகு தூங்கிவிட்டாள். மனசு நிறைந்திருந்ததால் வாயைத் திறக்கத் தோன்றவில்லை. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

“நீங்க கேட்டிருக்கலாமே?” என்றாள், குரலை உயர்த்தி. “முரடுன்னா என்னடீன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேக்காம நீங்களே முடிவு பண்ணி, நீங்களே தண்ணி ஊத்தி, நீங்களே நல்லவனா மாறி... உங்கள யாரு மாறச் சொன்னா?”

“நான் சிரிச்சேன்டி!” அவர் மேசையில் ஓங்கி அடித்தார். காபிக் குவளை குதித்தது. “அத்தனை பேர் நடுவுல, கைகட்டி நிக்குதுன்னு வாசிச்சப்போ நானும் சேர்ந்து சிரிச்சேன். யாரோ ஒரு மடையன்னு நினைச்சு சிரிச்சேன். உனக்காகச் செஞ்ச வேலையை நீயே எழுதிக் கிழிச்சிருக்க, அதைக் கேட்டு நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிருக்கேன்!”

நாத்தனார் கைவேலையை விட்டுவிட்டு நழுவினாள். “நான் மாடிக்குத் துணி எடுக்கப் போறேன்.”

“இன்னைக்குத் துணியே காயப்போடல!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அப்போ காயப்போடப் போறேன்,” என்று படியேறிவிட்டாள்.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். “முதலாளியம்மாகிட்ட போய்ச் சொல்லு. நடந்தது இதுதான்னு சொல்லு. அந்த மருந்து பாட்டில்ல பழைய சரக்கு இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கேன், அதை அவங்க ருசி பார்க்கட்டும்.”

“அது ரெண்டு மடக்குகூட இருக்காது. விக்கற பாட்டில்ல எதை ஊத்தறது? பீப்பாய்ல இருக்கறது வேறதானே?”

“அப்போ த ஜெயிச்சதையாவது ரத்து பண்ணச் சொல்லு. அவன் ஏணி உடைஞ்சதால ஜெயிச்சிருக்கான்டி! இது நியாயமா?”

“ரம்முக்கு ஏணி தெரியாதுங்க.”

“என் பக்கம் ஒரு தடவ பேசினா உன் மூக்கு தேஞ்சிடுமா?”

“தேஞ்சிடும்,” என்றாள். “த நல்லா இருக்கு. உங்களுதுன்னு நினைச்சுதான் அதுக்காக அவ்வளவு சண்டை போட்டேன். அப்புறம் தனியாப் போய் மறுபடி குடிச்சுப் பார்த்தேன். அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. ப அப்பவும் நல்லா இல்ல. நான் என்ன செய்யட்டும்? பொய் சொல்லட்டுமா? சொன்னா உங்களுக்குத் தெரியாதா?”

அவர் நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்தார். கோபம் குறைந்த மாதிரி இல்லை.

“சொல்லு,” என்றார். “என்ன நல்லா இல்ல? முழுசாச் சொல்லு.”

அவள் சொன்னாள். தேனைச் சொன்னாள், வெண்ணெயைச் சொன்னாள், ஒயின் பீப்பாய் மேலே ஒரு போர்வை போர்த்திவிட்டதைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் மறுத்தார். வெண்ணெய் மரத்தில் வந்தது, ஒயினில் இல்லை என்றார். அவள் இல்லை என்றாள். உனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். உங்களுக்கு நாக்கைப் பற்றி என்ன தெரியும் என்றாள். காபி ஆறி ஆடை கட்டியது. மாடியிலிருந்து நாத்தனார் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அவள் ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை தோற்ற மூன்று பீப்பாய்களையும் தொட்டிக்கு விட வேண்டும். குழுவிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்பது வழக்கம். மேலாளர், “நீங்க வேண்டாம், நான் நிக்கறேன்” என்றார் தயங்கிக்கொண்டு. அவள் தானே போனாள்.

கீழ்க்கிடங்கில் கணவர் வேறு யாரையும் தொடவிடவில்லை. பீப்பாயைத் தானே உருட்டிக்கொண்டு வந்து தானே நிறுத்தினார். மரச்சுத்தியால் அடைப்பைத் தட்டித் தட்டித் தளர்த்தினார். கண் சிவந்திருந்தது. அவளைப் பார்த்து, “சும்மா நிக்காத. ஹோஸைப் பிடி” என்றார்.

அவள் பிடித்தாள். அடைப்பு விலகியதும் வாசனை கிளம்பிக் கிடங்கு முழுக்கப் பரவியது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் அவர் முறைப்பாக.

“இல்ல.”

“கொஞ்சம்கூடவா இல்ல?”

அவள் குனிந்து மூச்சை இழுத்தாள். “இருக்கு. பின்னாடி, ஓரமா. எட்டிப் பார்க்குது.”

“அது போதும்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

“போதாதுங்க.”

அவர் வாய்க்குள் ஏதோ திட்டினார். நல்ல வார்த்தையாக இருக்க முடியாது. ரம் சளசளவென்று தொட்டிக்குள் இறங்கி மற்றவற்றோடு கலந்தது. எது எங்கே போயிற்று என்று அதன்பின் யாராலும் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. பாதியில் ஹோஸ் கையிலிருந்து துள்ளி அவள் புடவை முன்பக்கம் முழுக்க நனைந்தது.

“பிடிக்கத் தெரியலன்னா சொல்லணும்! பார், எவ்வளவு வீணாப் போச்சு!”

“என் புடவை போச்சு, அதைக் கேக்கல!”

“புடவை துவைச்சா வரும். இது வருமா?”

பீப்பாய் காலியானதும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவள் தோளைத் தொடப் போனாள். தட்டிவிட்டார். பிறகு நடந்துபோய், சுவரோரம் வரிசையாக இருந்த வெற்றுப் பீப்பாய்களில் ஒன்றின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அடுத்ததையும் தட்டினார். அதற்கடுத்ததுக்குள் தலையை விட்டு முகர்ந்தார்.

“இது உள்பக்கம் நல்லா எரிச்சது, புகை ஏறும். புதுச் சரக்கை இதுல போட்டா நீ கேக்கற மாதிரி வரும்.”

“நான் கேக்கற மாதிரி போடாதீங்க!” அவள் கத்தியதில் கிடங்கு எதிரொலித்தது. “திரும்பவும் முதல்லேருந்தா?”

“பின்ன யார் கேக்கற மாதிரி போடறது?”

“உங்களுக்குத் தோணற மாதிரி.”

“எனக்குத் தோணற மாதிரி போட்டா உனக்குப் பிடிக்காது.”

“பிடிக்கலன்னா சொல்றேன்.”

“ஒத்தை வார்த்தையில சொல்லிட்டு ஓடக் கூடாது.”

“வாக்கியமாச் சொல்றேன்.”

“எழுவாய், பயனிலை எல்லாம் வெச்சு,” என்றார் கடுப்பாக. எரித்த பீப்பாயை விட்டுவிட்டு அதற்கு அந்தப் பக்கம் இருந்த, அவள் ஒருநாளும் எடுத்திருக்க மாட்டாத, கரடுமுரடான தடிப் பலகைப் பீப்பாய் ஒன்றைச் சாய்த்து உருட்ட ஆரம்பித்தார். அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அவர் தள்ளிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், அதற்கும் திட்டு விழுந்தது.

அவள் ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள்.

“இந்தப் பீப்பாய் எனக்குப் பிடிக்கலங்க,” என்றாள், தோளைக் கொடுத்துத் தள்ளியபடி.